எண்ணிக்கை சொல்லாததைப் பெயர் சொல்லும்

மருத்துவக் கருவிகள் தயாரிக்கும் தொழிற்சாலையின் நுண்ணுயிரியல் ஆய்வகத்திலிருந்து வெளியேறும் அறிக்கைகளில் பெரும்பாலானவை எண்களால் ஆனவை. காற்றில் ஒரு கன மீட்டருக்கு இத்தனை காலனிகள் (வளர்ப்புத் தட்டில் கிருமிகள் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளிகள்), மேசைப் பரப்பில் ஒரு தட்டுக்கு இத்தனை, நீரில் 100 மில்லிலிட்டருக்கு இத்தனை, கிருமிநீக்கம் செய்வதற்கு முன் ஒரு கருவியின்மேல் இத்தனை என்று வரிசையாக எழுதி, பக்கத்தில் அனுமதிக்கப்பட்ட வரம்பையும் குறித்து, வரம்புக்குள் இருந்தால் கையெழுத்திட்டு அனுப்பிவிடுகிறோம். இந்தத் துறையில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் அந்த எண்களின்மேல் எனக்கு மரியாதை உண்டு. எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டுக் கோப்பை மூடிவிடும் பழக்கத்தின்மேல்தான் மரியாதை இல்லை.

ஒரே தொழிற்சாலையில் இரண்டு வாரங்களில் எடுத்த இரண்டு தட்டுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் 8 காலனிகள் இருக்கின்றன. வரம்பு 25 என்றால் இரண்டுமே தேறிவிட்டன. முதல் தட்டில் வளர்ந்தவை ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸும் மைக்ரோகாக்கஸ் லூட்டியஸும். இவை மனிதத் தோலில் எப்போதும் வாழ்பவை. கிளீன்ரூமில், அதாவது தூசியும் கிருமியும் கட்டுப்படுத்தப்பட்ட உற்பத்தி அறையில், ஆட்கள் வேலை செய்யும்வரை இவற்றை முற்றிலும் ஒழிக்க முடியாது. இரண்டாவது தட்டில் வளர்ந்த 8-ம் ரால்ஸ்டோனியா பிக்கெட்டி என்றால் கதை வேறு. அது நீரில் வாழும் கிருமி. உலர்ந்த அறையில், உலர்ந்த மேசையில் அது இருக்கிறது என்றால், எங்கோ ஒரு குழாய் இணைப்பிலோ, துடைக்கும் துணியை நனைக்கும் வாளியிலோ, ஈரப்பதமூட்டியிலோ நீர் தேங்கி நிற்கிறது என்று பொருள். முதல் தட்டுக்குக் கையுறையும் மேலங்கியும் அணியும் முறையைச் சரிபார்த்தால் போதும். இரண்டாவது தட்டுக்கு நீர் அமைப்பையே திறந்து பார்க்க வேண்டும். அறிக்கையிலோ இரண்டுக்கும் ஒரே எண்தான்.

உற்பத்திப் பிரிவிலிருந்து வழக்கமாக வரும் கேள்வி ஒன்று உண்டு: “எப்படியும் கடைசியில் காமாக் கதிரிலோ எத்திலீன் ஆக்சைடிலோ எல்லாவற்றையும் கொன்றுவிடப் போகிறோம், செத்துப்போகும் கிருமிக்குப் பெயர் எதற்கு?” கேட்பவர் அறியாமையால் கேட்பதில்லை, செலவுக் கணக்கைப் பார்த்துத்தான் கேட்கிறார். ஆகவே அதற்கு ஒழுங்கான பதில் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, கொல்லும் அளவைத் தீர்மானிப்பதே அந்தக் கிருமிகள்தான். கதிர்வீச்சில் கிருமிநீக்கம் செய்வதற்கான ஐ.எஸ்.ஓ. 11137 தரநிலை, கருவியின்மேல் கிருமிநீக்கத்துக்கு முன் இருக்கும் நுண்ணுயிர்களின் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டு கதிரின் அளவை நிறுவும் வழிகளைத் தருகிறது. மிகுதியாகப் பயன்படும் 25 கிலோகிரே (கிரே என்பது பொருள் உள்வாங்கும் கதிரின் அலகு) அளவை அதன் ஒரு வழிமுறைப்படி நிறுவ வேண்டுமானால், ஒரு கருவிக்குச் சராசரி எண்ணிக்கை 1000-ஐத் தாண்டக் கூடாது. கிருமிநீக்கத்துக்குப் பின் 10 லட்சம் கருவிகளில் ஒன்றுக்கு மேல் உயிருள்ள கிருமி தங்கும் வாய்ப்பு இருக்கக் கூடாது என்பதுதான் இலக்கு. இந்தக் கணக்கில் ஓர் அனுமானம் மறைந்திருக்கிறது: கருவியின்மேல் உள்ள கிருமிகள் கதிரைத் தாங்கும் திறனில் இயல்பான வரம்பைக் கடந்தவையாக இருக்கக் கூடாது. எல்லாக் கிருமிகளும் ஒரே மாதிரி சாவதில்லை. 1956-இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஆர்தர் ஆண்டர்சனின் குழு, கதிர்வீச்சுக்கு உட்படுத்தியும் கெட்டுப்போன டப்பா இறைச்சியிலிருந்து டெய்னோகாக்கஸ் ரேடியோடியூரன்ஸைப் பிரித்தெடுத்தது. மற்ற பாக்டீரியாக்களைக் கூண்டோடு ஒழிக்கும் அளவு கதிரை அது பொருட்படுத்துவதில்லை. கருவித் தொழிற்சாலையில் அப்படிப்பட்டவை அபூர்வம். ஆயினும் நிறுவிய அளவு இன்னும் போதுமானதா என்று மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பார்க்கும் கதிர் அளவுத் தணிக்கை தோற்றால், முதலில் எழும் கேள்வி “எண்ணிக்கை கூடியிருக்கிறதா, இல்லை ஆள் மாறியிருக்கிறதா” என்பதுதான். முந்தைய மாதங்களில் எவை எவை இருந்தன என்ற பெயர்ப்பட்டியல் கையில் இல்லாதவர்களால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

இரண்டாவது, செத்த கிருமியும் தீங்கு செய்யும். பாக்டீரியாக்களைச் சாயமிட்டு கிராம் பாசிடிவ், கிராம் நெகடிவ் என்று பிரிப்பது வழக்கம். கிராம் நெகடிவ் பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் உள்ள எண்டோடாக்சின் என்ற நச்சு, கிருமி இறந்த பின்னும் கருவியின்மேல் அப்படியே இருக்கும். காமாக் கதிர் அதை முழுமையாக அழிப்பதில்லை. இரத்தத்தைத் தொடும் கருவிக்கு 20 எண்டோடாக்சின் அலகுகள், மூளைத் தண்டுவட நீரைத் தொடும் கருவிக்கு 2.15 அலகுகள் என்று அமெரிக்க வரம்புகள் இருப்பது இதனால்தான். எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும், தோலிலிருந்து வந்த கிராம் பாசிடிவ் உருண்டைக் கிருமிகள் அல்ல, நீரிலிருந்து வந்த கிராம் நெகடிவ் கோல் வடிவக் கிருமிகள் என்று தெரிந்தால்தான் காய்ச்சல் உண்டாக்கும் பொருளைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்று தெரியும்.

மூன்றாவது, எல்லாக் கருவிகளும் கிருமிநீக்கம் செய்து விற்கப்படுவதில்லை. பலருக்கு இது வியப்பாக இருக்கும். நான் விரிவாக எழுத நினைக்கும் நிகழ்வும் அப்படிப்பட்ட ஒரு கருவியைப் பற்றியதுதான்.

இதய அறுவை சிகிச்சையின்போது நோயாளியின் இரத்தம் இதய-நுரையீரல் இயந்திரத்தின் வழியாக உடலுக்கு வெளியே சுற்றி வரும். அந்த இரத்தத்தைக் குளிர்விக்கவும் மீண்டும் சூடாக்கவும், அறையின் ஓரத்தில் ஒரு பெட்டி நிற்கும். அதற்குள் நீர்த் தொட்டிகள் உண்டு. தொட்டி நீர் குழாய்கள் வழியே வெப்பப் பரிமாற்றிக்குப் போய்த் திரும்பி வரும். நோயாளியின் இரத்தத்தையோ உடலின் உட்புறத்தையோ அது எந்த இடத்திலும் தொடாது. அந்த நீர் கிருமியற்றதாக இருக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் யாரும் வற்புறுத்தவில்லை; வடிவமைப்பின்படி அதற்குத் தேவையும் இருப்பதாகத் தோன்றவில்லை.

சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட சிலருக்கு, ஒன்றரை ஆண்டு முதல் மூன்றரை ஆண்டுக்கும் மேல் கழித்து, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், எடை இழப்பு, தீராத சோர்வு ஆகியவை தோன்றின. வழக்கமான இரத்த வளர்ப்புச் சோதனைகளில் எதுவும் வளரவில்லை. சிலருக்கு சார்கோய்டோசிஸ் என்ற வேறொரு நோய் என்றே முதலில் முடிவுகட்டப்பட்டது. கடைசியில் கிடைத்த பெயர் மைக்கோபாக்டீரியம் கைமேரா. காசநோய்க் கிருமியின் தூரத்து உறவான இது நீரிலும் மண்ணிலும் வாழ்வது. தனி இனமாக விவரிக்கப்பட்டதே 2004-இல்தான். அதுவரை மைக்கோபாக்டீரியம் இன்ட்ராசெல்லுலேர் என்ற நெருங்கிய இனத்தோடு சேர்த்தே எண்ணப்பட்டு வந்தது. இரண்டையும் பிரித்தறிய, அடையாளம் காண வழக்கமாகப் படிக்கும் 16எஸ் மரபணுவில் மிக மிகச் சிறிய வேறுபாடுதான் உண்டு. சோதனையாளர் அந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளாமல் பழைய இனத்தின் பெயரையே எழுதியிருந்தால், ஒவ்வொரு நோயாளியும் தனித்தனியான துரதிர்ஷ்டமாகவே கணக்கில் ஏறியிருப்பார்கள். ஒரே அபூர்வமான பெயர் ஒரே மருத்துவமனையில் இரண்டாம் முறை வந்தபோதுதான் தேடல் தொடங்கியது.

தேடியவர்கள் மருத்துவமனையின் நீர் அமைப்பைச் சோதித்தார்கள். அறுவை அரங்கின் கருவிகளைச் சோதித்தார்கள். அந்த ஓரத்துப் பெட்டியின் தொட்டி நீரில் கைமேரா இருந்தது. ஆனால் இரத்தத்தைத் தொடாத நீர் எப்படி இதய வால்வில் தொற்றை உண்டாக்கும் என்ற கேள்வி எஞ்சியிருந்தது. பெட்டி ஓடும்போது காற்றைச் சோதித்தார்கள், கிருமி கிடைத்தது. தொட்டியில் சுற்றும் நீர் நுண்துளிகளை எழுப்ப, பெட்டியின் விசிறி அவற்றை அறைக்குள் தள்ள, திறந்திருக்கும் மார்புக்கூடு வரை அவை மிதந்து போயின. 2015-இல் சூரிக் குழுவினர் 6 நோயாளிகளைப் பற்றி வெளியிட்ட கட்டுரை இதை விளக்கியது. அதன் பிறகு ஜெர்மனி, நெதர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று நோயாளிகள் கண்டறியப்பட்டார்கள். நோய் கண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இறந்தார்கள்.

தொழிற்சாலையில் வேலை பார்ப்பவனை உறங்கவிடாத பகுதி இதற்குப் பின்னால் வருவது. தொடக்கத்தில், ஒவ்வொரு மருத்துவமனையும் தத்தம் குழாய் நீரால் பெட்டியை அசுத்தப்படுத்திக்கொண்டிருக்க வேண்டும் என்று எண்ணுவதே இயல்பாக இருந்தது. கைமேரா குழாய் நீரில் அபூர்வமானதன்று. அப்படியானால் ஒவ்வொரு ஊரின் கிருமியும் மரபணு அளவில் வேறுபட்டிருக்க வேண்டும். முழு மரபணுத் தொகுதியையும் படித்தபோது கிடைத்த விடை வேறு. கண்டங்கள் தாண்டிக் கிடந்த நோயாளிகளின் கிருமிகளும் அவர்கள் அறையில் இருந்த பெட்டிகளின் கிருமிகளும் நெருங்கிய உடன்பிறப்புகளாக இருந்தன. பென்சில்வேனியாவிலும் அயோவாவிலும் எடுத்த மாதிரிகளைப் பற்றி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2016 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையும், பல நாட்டு மாதிரிகளை ஒப்பிட்டு 2017-இல் வெளிவந்த ஆய்வும் ஒரே திசையைக் காட்டின: பெட்டிகளைத் தயாரித்த, முனிச் நகரில் உள்ள தொழிற்சாலை. ஸ்டெக்கர்ட் 3டி என்ற அந்த மாதிரிதான் அப்போது அமெரிக்காவின் இதய அறுவைச் சந்தையில் பெரும்பங்கைப் பிடித்திருந்தது. 2014 ஆகஸ்டில் தயாரிப்பாளரே செய்த சோதனையில் உற்பத்தி வரிசையிலும் ஆலையின் நீர் வழங்கலிலும் கைமேரா கிடைத்தது என்பதை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பின்னர் பகிரங்கமாகத் தெரிவித்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் உற்பத்தி வரிசையில் சுத்திகரிப்பும் கிருமிநாசினி இடுதலும் சேர்க்கப்பட்டன. 2015 ஜூலையில் ஜெர்மன் அதிகாரிகள் அதே ஆலையில் எடுத்த மாதிரிகளில் கிருமி இல்லை. அதற்குள் வெளியே போய்விட்ட பெட்டிகள் அறுவை அரங்குகளில் ஓடிக்கொண்டிருந்தன.

இந்த நிகழ்வை நான் புதிதாக வேலைக்குச் சேர்பவர்களிடம் சொல்லும்போது, நிறுவனத்தின் தவறு எவ்வளவு என்ற விவாதத்துக்குள் போவதில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: நம் ஆய்வகத்தின் வழக்கமான முறைகள் இதைப் பிடித்திருக்குமா? டிரிப்டிக் சோயா அகார் என்ற ஊட்டம் மிகுந்த வளர்ப்பு ஊடகத்தில் 30 முதல் 35 டிகிரி வெப்பத்தில் சில நாட்கள் வைத்து எண்ணும் நம் தட்டில் கைமேரா வளர்ந்து கண்ணுக்குத் தெரியாது. அதற்குத் தனி ஊடகமும் வாரக்கணக்கில் பொறுமையும் வேண்டும். மருத்துவமனை ஆய்வகங்கள் 8 வாரங்கள் வரை காத்திருக்கின்றன. அதாவது, நம் அறிக்கையில் “0” என்று எழுதப்பட்டிருக்கும். அந்த 0 பொய்யும் இல்லை. அந்த ஊடகத்தில், அந்த வெப்பத்தில், அந்தக் காலத்துக்குள் வளரக்கூடியவை எவையும் இல்லை என்பதே அதன் முழுப் பொருள். எந்தக் கிருமியைத் தேடுகிறோம் என்று முன்கூட்டியே யோசிக்காத சோதனை, தான் தேடாததைப் பற்றி எதுவும் சொல்லாது.

நீர் சார்ந்த மாதிரிகளுக்கு ஆர்2ஏ என்ற சத்துக் குறைந்த ஊடகத்தை, குறைந்த வெப்பத்தில், ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை வைத்துப் பார்ப்பதும் இதே காரணத்தால்தான். சுத்திகரித்த நீரில் பட்டினியாக வாழ்ந்த பாக்டீரியாவை ஊட்டம் மிகுந்த தட்டில் போட்டால் அது வளர மறுத்துவிடும், எண்ணிக்கை குறைவாகத் தெரியும், நாமும் மகிழ்ச்சியடைவோம்.

தொழிற்சாலைக்கு எவை வழக்கமான விருந்தாளிகள் என்பதை ஓரிரு ஆண்டுகள் பெயரோடு பதிவு செய்தால் மூன்று பெரிய வழிகள் தெளிவாகத் தெரியும். ஆட்களிடமிருந்து வருபவை ஸ்டஃபைலோகாக்கஸ் இனங்கள், மைக்ரோகாக்கஸ், கோரினேபாக்டீரியம். இவற்றின் அளவு வேலை நேரத்தோடு ஏறி, விடுமுறையில் இறங்கும். நீரிலிருந்து வருபவை சூடோமோனாஸ், ரால்ஸ்டோனியா, பர்கோல்டேரியா, ஸ்ஃபிங்கோமோனாஸ், இளஞ்சிவப்புக் காலனிகளால் கண்ணிலேயே பிடிபட்டுவிடும் மெத்திலோபாக்டீரியம். அட்டைப்பெட்டி, மரப்பலகை, புழுதி வழியாக வருபவை பேசில்லஸ், பேனிபேசில்லஸ் போன்ற, வித்து (கடும் சூழலைத் தாங்கும் உறக்க வடிவம்) உண்டாக்கும் பாக்டீரியாக்களும் ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம், கிளாடோஸ்போரியம் போன்ற பூஞ்சைகளும். அட்டைப்பெட்டியைக் கிளீன்ரூம் வாசலுக்கு வெளியிலேயே பிரித்துவிட வேண்டும் என்ற விதியை நான் எந்தத் தொழிற்சாலையிலும் எழுத்தில் பார்க்காமல் இருந்ததில்லை. அது முழுமையாகக் கடைப்பிடிக்கப்படுவதை எப்போதாவதுதான் பார்த்திருக்கிறேன்.

வித்து உண்டாக்குபவை திடீரென்று கூடும்போது பெயர் உடனடியாகப் பயன் தரும். தரையையும் மேசையையும் 70 சதவீத ஐசோபுரோப்பில் ஆல்கஹாலால் மட்டும் துடைத்து வந்தால், தோல் பாக்டீரியாக்கள் சாகும். பேசில்லஸ் வித்துகளுக்கு ஒன்றும் ஆகாது. மாதங்கள் செல்லச் செல்ல மொத்த எண்ணிக்கை மாறாமலே, கலவை மட்டும் வித்துகளின் பக்கம் சாயும். எண்ணிக்கையை மட்டும் வரைபடமாகப் போடுபவருக்கு நேர்கோடுதான் தெரியும். பெயர்களைப் போடுபவர், வித்துக்கொல்லியைச் சுழற்சியில் சேர்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று காண்பார்.

பர்கோல்டேரியா செப்பேசியா கூட்டத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். வில்லியம் பர்கோல்டர் என்ற அமெரிக்கத் தாவர நோயியலாளர் 1950-இல் அழுகிய வெங்காயத்திலிருந்து விவரித்த கிருமி இது. கிருமிநாசினியிலேயே வாழ்வதில் இதற்கு இணை குறைவு: பென்சால்கோனியம் குளோரைடு சேர்த்துப் பாதுகாத்த உப்புக் கரைசலில் இது 14 ஆண்டுகள் உயிரோடு இருந்ததை 1979-இல் வெளியான ஆய்வு காட்டியது. 2016-இல் அமெரிக்காவில் முன்கூட்டியே நிரப்பி விற்கப்பட்ட உப்புநீர் சிரிஞ்சுகள் மூலமும், 2021-இல் ஸ்கேன் எடுக்கும்போது தடவும் அல்ட்ராசவுண்ட் ஜெல் மூலமும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்த கிருமிகள் நோயாளிகளைச் சென்றடைந்தன. ஆகவே நம் நீர் மாதிரியில் கிராம் நெகடிவ் கோல் ஒன்று வளர்ந்து, அது பர்கோல்டேரியாவாக இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால், எண்ணிக்கை 1 என்பதால் விட்டுவிடலாம் என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. அது ஒரு குழாயின் உட்சுவரில் படலமாகப் படிந்திருந்தால், இன்றைய 1 என்பது நாளை எத்தனை என்று யாராலும் சொல்ல முடியாது.

பெயர் கண்டறியும் வேலையைப் பற்றி இனி. தட்டில் தனித்து நிற்கும் காலனியைத் தூய வளர்ப்பாகப் பிரித்தெடுப்பதே முதல் படி. அவசரத்தில் இதைத் தவிர்த்தவர்கள் இரண்டு கிருமிகளின் கலவைக்கு ஒரு பெயர் சூட்டியிருக்கிறார்கள். அடுத்து, 1884-இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் வெளியிட்ட சாயமுறை. 140 ஆண்டுகளுக்குப் பிறகும், ஐந்து நிமிடத்தில், சில ரூபாய்ச் செலவில், “ஆளா, நீரா, புழுதியா” என்ற கேள்விக்குப் பாதி விடையைத் தரும் சோதனை வேறில்லை. கேட்டலேஸ், ஆக்சிடேஸ் என்ற நொதிகள் கிருமியிடம் உள்ளனவா என்று பார்க்கும் சோதனைகளும் சேர்ந்தால் முக்கால் விடை கிடைத்துவிடும். சிறிய தொழிற்சாலைகள் செலவுக்கு அஞ்சிப் பெயர் காணும் வேலையையே கைவிடுவதைவிட, ஒவ்வொரு காலனிக்கும் இந்த அளவு வரையாவது போவது எவ்வளவோ மேல்.

அதற்கு மேல் போக, பல ஆய்வகங்கள் இப்போது மால்டி-டாஃப் நிறமாலைமானியை நம்புகின்றன. காலனியிலிருந்து துளி எடுத்து உலோகத் தட்டில் பூசி, லேசர் பாய்ச்சி, பெரும்பாலும் ரைபோசோம் புரதங்களால் ஆன அதன் நிறை வரிசையைக் கணினியில் உள்ள நூலகத்தோடு ஒப்பிடுவது இதன் முறை. சில நிமிடங்களில் பெயர் வந்துவிடும். ஆனால் அந்த நூலகங்கள் மருத்துவமனை நோயாளிகளின் கிருமிகளைக் கொண்டு வளர்ந்தவை; தொழிற்சாலைத் தரையில் கிடக்கும் பேசில்லஸ் உறவினர்களும் நீர்வாழ் கோல்களும் அங்கே மெலிவாகத்தான் இருக்கின்றன. ஆகவே “அடையாளம் காண இயலவில்லை” என்று இயந்திரம் சொன்னால் எனக்கு வருத்தமில்லை. அது நேர்மையான விடை. மதிப்பெண் குறைவாக இருந்தும் முதலில் வந்த பெயரை அப்படியே அறிக்கையில் எழுதுவதுதான் கேடு. தணிக்கையாளர் ஒருவர் நோய்க் கிருமியின் பெயரைப் பார்த்துத் திடுக்கிட்டு, இல்லாத ஒன்றைத் தேடி ஒரு மாதம் ஆலையே அலைவதை நான் கண்டிருக்கிறேன்.

இயந்திரம் தயங்கும் இடத்தில் மரபணுவைப் படிக்க வேண்டும். பாக்டீரியாவின் 16எஸ் மரபணு ஏறத்தாழ 1500 எழுத்துகள் நீளமானது. பல ஆய்வகங்கள் அதன் முதல் 500 எழுத்துகளோடு நின்றுவிடுகின்றன. பேரினத்தைச் சொல்ல அது போதும். இனத்தைச் சொல்ல, குறிப்பாகப் பேசில்லஸ் செரியஸ் கூட்டத்திலும் பர்கோல்டேரியா கூட்டத்திலும், பெரும்பாலும் போதாது. பூஞ்சைகளுக்கு வேறு மரபணுப் பகுதிகள் உண்டு. இதற்கும் மேலே இருப்பது முழு மரபணுத் தொகுதியைப் படிப்பது. கைமேராவை முனிச் வரை கொண்டு சேர்த்தது அதுதான். ஒவ்வொரு தட்டுக்கும் அதைச் செய்வது வீண். ஆனால் ஒரே பெயர் நீரிலும் கருவியிலும் ஒரே வாரத்தில் கிடைத்து, இரண்டும் ஒரே வம்சம்தானா என்ற கேள்வி எழும்போது, பெயர் மட்டும் போதாது; சூடோமோனாஸ் ஏருஜினோசா எல்லா ஊர்களிலும் உண்டு. 2023-இல் அமெரிக்காவில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்தால் 18 மாநிலங்களில் 81 பேர் பாதிக்கப்பட்டு 4 பேர் இறந்தபோது, அந்த நோயாளிகளை ஒன்றாக இணைத்தது சூடோமோனாஸ் என்ற பெயர் அன்று. அதுவரை அந்நாட்டில் காணப்படாத, நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்களின் சேர்க்கைதான். அந்த மருந்து தயாரிக்கப்பட்டது சென்னைக்கு அருகே. அது மருத்துவக் கருவியன்று, மருந்து என்றாலும், இங்கே இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அந்த ஆண்டு ஒருவரை ஒருவர் பார்த்தபோதெல்லாம் பேசியது அதைப் பற்றித்தான்.

இதற்கெல்லாம் அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒரு முன்மாதிரி உண்டு. 1970 ஜூலை முதல் 1971 ஏப்ரல் வரை அமெரிக்காவின் 25 மருத்துவமனைகளில் 378 நோயாளிகளுக்கு இரத்தத்தில் தொற்று ஏற்பட்டது. கிடைத்த கிருமிகள் என்டரோபேக்டர் குளோக்கேயும், அப்போது எர்வினியா என்றும் என்டரோபேக்டர் அக்லோமெரன்ஸ் என்றும் அழைக்கப்பட்ட ஒன்றும். இரண்டாவது, இரத்தத் தொற்றில் அதுவரை அபூர்வமானது. அது பல ஊர்களில் ஒரே சமயத்தில் தலைகாட்டியதால்தான் மருத்துவமனைகளைத் தாண்டிப் பொதுவான மூலம் ஒன்றைத் தேட வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. ஒரே நிறுவனத்தின் நரம்புவழித் திரவப் புட்டிகள். அவற்றின் திருகு மூடியின் உட்புறத்தில் அண்மையில் மாற்றப்பட்டிருந்த உறைப்பொருள். அதில் உயிரோடு இருந்த கிருமிகள். புட்டிக்குள் இருந்த திரவம் ஆலையிலேயே கிருமிநீக்கம் செய்யப்பட்டதுதான். மூடியைத் திறந்து மறுபடி மூடும்போது உறையிலிருந்த கிருமி உள்ளே இறங்கி, டெக்ஸ்ட்ரோஸ் கரைசலில் அறை வெப்பத்திலேயே பெருகியது. மூலப்பொருளில் செய்யும் சிறு மாற்றத்தை நுண்ணுயிரியல் பிரிவுக்குத் தெரிவிக்காமல் விடும் வாங்கல் துறையினருக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை இது.

பெயர்கள் மாறிக்கொண்டே இருப்பது இந்த வேலையின் சிறு தொல்லை. மேலே சொன்ன என்டரோபேக்டர் அக்லோமெரன்ஸ் இன்று பான்டோயியா. முகப்பரு உண்டாக்கும் புரோபியோனிபாக்டீரியம் 2016-இல் கியூட்டிபாக்டீரியம் ஆனது. 2020-இல் பேசில்லஸ் பேரினத்திலிருந்து பல இனங்கள் பிரிந்து போயின. பேசில்லஸ் மெகாடெரியம் இப்போது பிரிஸ்டியா. ஆய்வகத்தின் தரவுத்தளம் பழைய பெயரையும் புதிய பெயரையும் இணைத்து வைக்காவிட்டால், இயந்திரத்தின் நூலகம் புதுப்பிக்கப்பட்ட மாதத்தில் ஆலைக்குப் புதிய கிருமி குடிவந்ததுபோல் வரைபடம் காட்டும்.

எதை எவ்வளவு ஆழமாக அடையாளம் காண்பது என்பதற்கு என் வழக்கம் இது. கிளீன்ரூமில் வரம்பைத் தாண்டிய ஒவ்வொரு மாதிரியிலும் வெவ்வேறு தோற்றமுள்ள காலனிகள் அனைத்துக்கும் இனப்பெயர் வரை போவது. வரம்புக்குள் இருப்பவற்றில் மாதந்தோறும் சிலவற்றைத் தேர்ந்து பார்ப்பது. நீரில் வளரும் கிராம் நெகடிவ் எதுவாயினும், எண்ணிக்கை என்னவாயினும், பெயர் தெரியாமல் விடாதது. கதிர் அளவுத் தணிக்கையிலும் கிருமியின்மைச் சோதனையிலும் வளர்ந்த எதற்கும் மரபணு வரை போவது. கருவிகளின்மேல் உள்ள நுண்ணுயிர்களை அளக்கும் ஐ.எஸ்.ஓ. 11737 தரநிலையின் முதல் பகுதி, எண்ணுவதோடு நில்லாமல் அவற்றின் இயல்பை வகைப்படுத்துவதையும் கேட்கிறது. எந்த அளவுக்கு என்பதைத் தயாரிப்பாளரின் தீர்ப்புக்கு விட்டிருக்கிறது. அந்தச் சுதந்திரத்தைச் செலவைக் குறைக்கும் வழியாகவே பலர் படிக்கிறார்கள்.

இவற்றோடு நான் விட்டுக்கொடுக்காத இன்னொன்று, பிரித்தெடுத்த கிருமிகளைக் கிளிசராலில் கலந்து, சிறு குப்பிகளில், மைனஸ் 80 டிகிரியில் வைத்திருப்பது. பெயரைக் காகிதத்தில் வைத்திருந்தால் பெயரை மட்டுமே ஒப்பிட முடியும். கிருமியையே வைத்திருந்தால், இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு மருத்துவமனையிலிருந்து புகார் வரும்போது, அங்கே கிடைத்ததும் நம் நீர்க்குழாயில் அன்று கிடைத்ததும் ஒன்றுதானா என்பதை மரபணு எழுத்து எழுத்தாக வைத்துப் பார்க்கலாம். கைமேராத் தொற்று வெளித்தெரியவே ஆண்டுகள் ஆயின என்பதை நினைத்தால், குப்பிகளை ஓராண்டில் அழித்துவிடலாம் என்ற நடைமுறை எந்தக் கணக்கிலும் பொருந்தாது. கருவியின் பயன்பாட்டுக் காலம் எவ்வளவோ, அவ்வளவு காலமாவது அவை உறைபெட்டியில் இருக்க வேண்டும் என்று எங்கள் செயல்முறை ஆவணத்தில் எழுதி வைத்திருக்கிறேன்; உறைபெட்டியில் இடமில்லை என்ற முறையீடு ஆண்டுதோறும் வருகிறது, ஆண்டுதோறும் இன்னொரு அடுக்கு வாங்கச் சொல்லிப் பதில் எழுதுகிறேன்.